குறுக்கு வலியும் ரப்பர் மெத்தையும்

(தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"லேட்டக்ஸ் மெத்தையில் படுத்தால் முதுகு வலி வருமா?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கூட்டம் ஏற்பாடு செய்த தம்பிகளிடம் சொன்னேன்: முதுகு என்று போடாதீர்கள்பா, நம்ம பக்கம் முதுகு வலி என்று யார் சொல்கிறார்கள்? குறுக்கு கடுக்குது என்போம். குறுக்குப் பிடிச்சுக்கிருச்சு என்போம். ரொம்ப முடியாவிட்டால், குறுக்கு விட்டுப்போச்சு என்போம். முப்பது வருடம் இயன்முறை மருத்துவனாக வேலை பார்த்தேன். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருடைய முதல் வார்த்தை இந்தக் குறுக்குதான். ஆகவே இன்றைக்கும் குறுக்கு என்றே பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 2020-ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்குக் குறுக்கு வலி. 2050-ல் அது 84.3 கோடியாகும் என்கிறார்கள். அத்தனை கோடிப் பேரும் லேட்டக்ஸ் என்கிற ரப்பர் மெத்தையிலா படுத்தார்கள்? இல்லை. பாயில் படுத்தவனுக்கும் வலி, பஞ்சில் படுத்தவனுக்கும் வலி. அப்படியானால் மெத்தைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு பங்கு, எந்த இடத்தில் பங்கு என்பதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் குறுக்கு பார்த்தவன் தன் குறுக்கைக் கோட்டை விட்ட கதை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகள் ஒரு லேட்டக்ஸ் மெத்தை வாங்கி அனுப்பினாள். "அப்பா, இனிமேலாவது நல்லாத் தூங்குங்க" என்றாள். ஆறு அங்குல மெத்தை. இரண்டு பேர் பிடித்தும் மாடிப்படியில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது, அத்தனை கனம். முதல் நாள் ராத்திரி சொர்க்கம். இரண்டாம் நாளும் சொர்க்கம். மூன்றாம் நாள் விடியக்காலை நாலு மணிக்கு விழிப்புத் தட்டியது. புரண்டு படுக்கப் பார்க்கிறேன், குறுக்கு வரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அரை மணி நேரம் நடமாடின பிறகு சரியானது. மறுநாளும் அப்படியே. பத்து நாள் இதே பாடு.

என் வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏங்க, இந்த ரப்பரு நமக்கு ஒத்துக்கிறல. பழைய பஞ்சு மெத்தையவே போடுங்க."

இந்தத் தீர்ப்பைத்தான் நம் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்கிறோம். ரப்பர் சூடு, ரப்பர் ஆகாது, ரப்பர் முதுகை வாங்கிவிடும். சரி, அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

நம் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரியாற்றிலிருந்து. 1895-ல் பொறியாளர் பென்னிகுயிக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். அதே பெரியாற்றின் கரையில், கீழே கேரளத்துத் தட்டேக்காட்டில், 1902-ல் மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரர் முன்னின்று ரப்பர்த் தோட்டம் போட்டார்கள். இந்தியாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. ஒரே ஆறு. மலைக்கு இந்தப் பக்கம் திரும்பியது நெல்லானது, அந்தப் பக்கம் போனதன் கரையில் ரப்பர் எழுந்தது.

அந்த மரத்துப் பால் மெத்தைக்கான நுரை ரப்பரானது 1929-ல், இங்கிலாந்தில், டன்லப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். அதைச் செய்த வேதியியல்காரர் பெயரும் மர்ஃபி! தோட்டத்திலும் ஒரு மர்ஃபி, மெத்தையிலும் ஒரு மர்ஃபி. செய்முறை ஒன்றும் மந்திரமில்லை. ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்போம் இல்லையா, அதே மாதிரி ரப்பர் பாலை நுரை வர அடிக்க வேண்டும். அதில் கந்தகம் சேர்க்க வேண்டும். அச்சில் ஊற்றி, உறைய விட்டு, ஆவியில் வேக வைக்க வேண்டும். இட்லி அவிக்கிற மாதிரிதான். வேகும்போது சூடு நடுவரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அச்சில் கம்பி கம்பியாக நீட்டியிருக்கும். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள், வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். இடியாப்ப அச்சைப் பார்த்த மாதிரி இருக்கும். துளை பெரிதாக இருக்கிற இடம் மெதுவாக இருக்கும், சிறிதாக இருக்கிற இடம் கெட்டியாக இருக்கும். இன்னொன்று. நுரையை ஊற்றினதும் கனமானது கொஞ்சம் அடியில் தங்கும். அதனால் சில மெத்தைகளில் ஒரு பக்கம் மெது, மறுபக்கம் சற்றுக் கெட்டி. திருப்பிப் போட்டாலே வேறு மெத்தை மாதிரி இருக்கும்.

ஆக, லேட்டக்ஸ் என்று பெயர் எழுதிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடாது. அரிசி என்றால் எல்லாம் ஒரே அரிசியா?

இனி நம் பஞ்சுக்கு வருவோம். போடிநாயக்கனூர் இலவம் பஞ்சைத் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பு. அதனால்தான் அதை நூலாக நூற்பது கடினம், தண்ணீரில் மிதக்கும். புதிதாக அடைத்த இலவம் பஞ்சு மெத்தை பூ. ஐந்தாறு வருடத்தில் அமுங்கி அமுங்கித் திட்டுத் திட்டாகிவிடும். ஆனால் ஒரு குணம் உண்டு. அமுங்கின பஞ்சு மெத்தை பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். கட்டிலில் ஒரு குழி இருந்தால், அதன் மேல் பாலம் போட்டது போல் நின்றுகொள்ளும்.

ரப்பர் அப்படி நிற்காது. ரப்பர் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கீழே என்ன வடிவமோ அதே வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். கட்டில் நேராக இருந்தால் நேராக இருக்கும். கட்டில் குழியாக இருந்தால் அதுவும் குழியாகும்.

என் கட்டில் எப்படி இருந்தது?

பதினோராம் நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் கல்யாணச் சீராக வந்த கட்டில். அடியில் பிளைவுட். அது நடுவில், சரியாக இடுப்பு விழுகிற இடத்தில், தொய்ந்து போயிருந்தது. நடுச்சட்டத்தில் ஒரு ஆணி கழன்று தொங்கியது. ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் என் இரண்டு விரல் போனது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ! பஞ்சு மெத்தை அந்தக் குறையை மூடி மறைத்திருந்தது. ரப்பர் மெத்தை காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்று நாள் மெத்தையை அப்படியே தரையில் போட்டுப் படுத்தேன். முக்கால் வாசி வலி போய்விட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுப் புதுப் பலகை அடித்தேன்.

இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், ரப்பர் மெத்தை அதற்குள் பிதுங்கி இறங்கும். மெத்தைக்குக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்கைப் பலகைக்குக் கொடுங்கள்.

இந்த இடத்தில் கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகிறேன். சீருக்குக் கட்டில் மெத்தை வாங்குகிறோம். யார் போய் வாங்குகிறார்கள்? மாமா போகிறார், சித்தப்பா போகிறார். மெத்தையை என்ன செய்து பார்க்கிறார்கள்? கையால் அமுக்கிப் பார்க்கிறார்கள். ஐயா, கையா அதில் படுக்கப் போகிறது? எட்டு அங்குலம் என்றால் ஆறு அங்குலத்தைவிடக் கௌரவம், அதனால் எட்டு அங்குலம். மாப்பிள்ளை தொண்ணூறு கிலோ, பெண் நாற்பத்தெட்டு கிலோ. அவனுக்கு அமுங்குவது அவளுக்கு அமுங்குமா? அவன் குழியில் கிடப்பான், அவள் சரிவில் உருண்டு அவன் மேல் வந்து விழுவாள். முதல் மாதம் அது நன்றாகத்தான் இருக்கும். (சிரிப்பு) ஆறாம் மாதம் இரண்டு பேரும் குறுக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். படுக்கப் போகிறவர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்படாமல், பத்து நிமிடம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படுத்துப் பார்ப்பது எப்படி? மல்லாந்து படுங்கள். காலை நீட்டுங்கள். கூட வந்தவரை உங்கள் குறுக்குக்கு அடியில் கையை விடச் சொல்லுங்கள். கை தாராளமாகப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மெத்தை உங்களுக்கு ரொம்பக் கெட்டி. கையே நுழையவில்லை, இடுப்பு புதைந்து கிடக்கிறது என்றால் ரொம்ப மெது. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் அது உங்கள் மெத்தை. பிறகு ஒருக்களித்துப் படுங்கள். பிடரியிலிருந்து முதுகுத்தண்டின் அடி வரைக்கும் நேர்கோடாக இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் சற்று இறங்கி, நடுத்தண்டு நேராக நிற்க வேண்டும்.

"அதெல்லாம் எதுக்குய்யா? எங்க அப்பத்தா கட்டாந்தரையில படுத்து தொண்ணூறு வயசு வாழ்ந்துச்சு" என்று யாராவது எழுந்து சொல்வீர்கள். எந்த ஊரில் பேசினாலும் ஒருவர் சொல்லாமல் விட்டதில்லை. உங்கள் அப்பத்தாவுக்கு வணக்கம். ஆனால் அந்த அப்பத்தாவிடம் குறுக்கு வலிக்கிறதா என்று அந்த வீட்டில் யாராவது கேட்டீர்களா? கேட்காததால் அவர் சொல்லவில்லை. பானையில் வெந்நீர் வைத்துத் துணி நனைத்து, யாரும் பார்க்காதபோது தானே ஒத்தடம் போட்டுக்கொண்டார். அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

தரைதான் நல்லது, பலகைதான் நல்லது என்று டாக்டர்களும் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். கோவாக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் நெடுநாள் குறுக்கு வலி இருந்த 313 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியாது. தொண்ணூறு நாள் படுக்க வைத்தார்கள். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் தேறினார்கள், ஆனால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுக்கையிலும் வலி குறைவு, எழும்போதும் வலி குறைவு, பகலில் வேலை செய்யவும் சிரமம் குறைவு. அன்றைக்கு நான் பலகையில் படு என்று சொல்வதை நிறுத்தினேன்.

சரி, கட்டிலைச் சரி செய்தேன், முக்கால் வாசி வலி போனது என்றேனே. மிச்சக் கால் பங்கு என்ன ஆனது? இதுதான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம் முதுகெலும்பில் கட்டைக்குக் கட்டை நடுவே ஒரு வட்டு இருக்கிறது. டிஸ்க் என்கிறோமே, அது. உள்ளே கொழகொழவென்று நீர் பிடித்த சதை, சுற்றிலும் நார் வளையம். பகல் முழுக்க நம் பாரம் அதை அழுத்தி அழுத்தி நீரைப் பிழிந்துவிடும். ராத்திரி படுத்ததும் பாரம் இறங்கும். வட்டு நீரை உறிஞ்சிக்கொண்டு ஊறும், கொண்டைக்கடலை ஊறுகிற மாதிரி. அதனால் விடியக்காலையில் நாம் எல்லோருமே சற்று உயரமாக இருக்கிறோம். நம்ப மாட்டீர்கள்! உயரத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அளந்து பார்த்திருக்கிறார்கள். கூடின அந்த உயரத்தில் பாதிக்கு மேல், எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது.

ஊறிப் புடைத்திருக்கிற வட்டோடு குனிந்தால் என்ன ஆகும்? காற்று நிறைய அடித்த டயரை வளைத்துப் பாருங்கள், அது வளையுமா? மற்ற நேரத்தில் குனிவதைவிட விடியக்காலையில் குனியும்போது வட்டின் மேல் விழுகிற அழுத்தம் பல மடங்கு. அமெரிக்காவில் ஸ்னூக் என்ற ஆய்வாளர் 1998-ல் இதை வைத்தே ஒரு வைத்தியம் செய்து பார்த்தார். மருந்து இல்லை, மாத்திரை இல்லை. காலையில் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாதே என்று சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். வலி குறைந்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எழுந்ததும் எழாததுமாகப் பின்கட்டுக்குப் போய், குனிந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை ஏழு மணிக்கு மாற்றினேன். மிச்சக் கால் பங்கும் போனது. மெத்தையிலிருந்து எழும்போது வருகிற வலி எல்லாம் மெத்தை கொடுத்த வலி இல்லை. வட்டு ஊறுவதால் வருவதும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் மெத்தை மேல் மெத்தையாக மாற்றுகிறோம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற அக்காமார்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஏலத்தோட்டத்து ஜீப் எத்தனை மணிக்கு வருகிறது? நடவுக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? நாலு மணிக்கு எழுந்து, குனிந்து வாசல் தெளித்து, குனிந்து கோலம் போட்டு, குனிந்து பாத்திரம் கழுவி, சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் அடைத்துக்கொண்டு போய், இறங்கின இடத்திலேயே மறுபடியும் குனிகிறீர்கள். உங்கள் குறுக்குக்கு எந்த மெத்தைக்காரன் பதில் சொல்வான்? கோலத்தை ஒரு காலை மடித்து உட்கார்ந்து போடுங்கள். பாத்திரத்தைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துக் கழுவுங்கள். வீட்டு ஆண்பிள்ளைகளே, வாசல் தெளித்தால் மீசை உதிர்ந்துவிடாது.

இனி எச்சரிக்கை. மெத்தை மேல் பழியைப் போட்டுவிட்டுப் பெரிய நோயைக் கோட்டை விடக் கூடாது. இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் வருவார்கள். "மூணு பெட்டு மாத்திட்டேன் சார், விடியக்காலைல முதுகு விறைச்சுப் போகுது" என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வலி எழுப்பும். ஓய்வெடுத்தால் கூடும், ஓடியாடினால் குறையும். விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் தொடரும். அது மெத்தை நோயாக இல்லாமல் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோயாக இருக்கலாம். முப்பது மெத்தை மாற்றினாலும் போகாது, சீக்கிரம் பார்த்தால் மருந்து இருக்கிறது. அதே போல, கால் மரத்துப்போகிறது, காலில் பலம் குறைகிறது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றுக்கு, இரண்டுக்குக் கட்டுப்பாடு போகிறது, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ காட்டுங்கள், அல்லது நேராக க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். கீழே படுக்க வைத்து முதுகில் மிதித்துவிடச் சொல்லாதீர்கள்.

மெத்தை வலிக்கு அடையாளம் வேறு. எழும்போது வலிக்கும், நடமாடினால் அரை மணியில் விடும், உறவுக்காரர் வீட்டில் போய்ப் படுத்தால் வராது. அப்போதுதான் மெத்தையைக் கூண்டில் ஏற்றலாம். இரண்டு ஜமுக்காளத்தை மடித்துத் தரையில் போட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள், செலவில்லாமல் விடை தெரியும். வலி வந்துவிட்டது என்று நாள் முழுக்கப் படுத்தே கிடக்காதீர்கள். எந்த மெத்தையில் படுத்தாலும் அது குறுக்குக்குக் கேடு. எழுந்து நடக்க வேண்டும்.

கடைசியாக என் வீட்டம்மா செய்த காரியம். எனக்கு வலி போய்விட்டது, அந்தச் சந்தோஷத்தில் அவள் சித்திரை மாதம் மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டாள். "பஞ்சு மெத்தையை வெயில்ல போட்டா பூ மாதிரி ஆகும்ல? இதையும் போட்டேன்" என்றாள். உறையைக் கழற்றி, நாலு நாள். பஞ்சுக்கு வெயில் மருந்து, ரப்பருக்கு வெயில் விஷம். மேல்பக்கம் மஞ்சளித்து, தொட்டால் ரவை ரவையாக உதிர ஆரம்பித்தது. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இது அச்சில் வந்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை. ரப்பர் மெத்தையை உறையோடு நிழலில், காற்றோட்டத்தில் வைத்தால் போதும்.

வயல்காரர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு முடிக்கிறேன். நாளைக்கு நடவுக்கு ஆள் வரும்போது, வந்ததும் குனியச் சொல்லாதீர்கள். முதல் அரை மணி நேரம் நாற்றுமுடி சுமக்கட்டும், வரப்பில் நடக்கட்டும், ஒரு டீ குடிக்கட்டும். அந்த அரை மணிக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் கட்டில் மெத்தையைத் தூக்கி, அடியில் இருக்கிற பலகையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.